நூற்று மூன்றுக்கும் நூற்று இருபதுக்கும் நடுவில்

நீச்சல் குளத்தின் ஆழப்பக்கத்தில், நான்காவது தடத்தின் கறுப்புக் கோடு முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், தரை டைல்ஸில் ஒரு துருக்கறை இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் வளையல் போல வட்டமாகத் தெரியும். குளத்தை வடித்த நாளில் கீழே இறங்கி உற்றுப் பார்த்தால் அது வட்டம் இல்லை, ஆறு பக்கம் உள்ளது என்று தெரியும். ஆசிட் ஊற்றித் தேய்த்தும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன்.

போன மாதம் அந்தப் பக்கம் வந்தபோது, அங்கே லைஃப்கார்டு பயிற்சி எடுக்கும் உங்களில் ஒருவர், "அண்ணா, நீங்கதான இங்க இருவது வருஷத்துக்கு மேல இருந்தீங்க. அது இன்னா கறைண்ணா?" என்று கேட்டார். "இரும்புக் கறைப்பா" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்குப் பதிலும் இல்லை.

நான்கு பேர் சேர்ந்து நின்று கேட்டால் எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்துப் பிழைகளைத் திருத்த என் அக்காவிடம்தான் கொடுக்க வேண்டும். இதை எழுத இத்தனை வருடம் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

குளோரின் எவ்வளவு போடுவது, மோட்டாரை எப்போது ஓட்டுவது, மயங்கியவருக்கு எப்படி மூச்சு கொடுப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு வகுப்பு வைத்துச் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அப்படி யாரும் வகுப்பு வைக்கவில்லை. நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். நான் எழுதப்போவது, உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து குதிப்பதற்கு முன்னால் அவருக்குள் நடப்பதைப் பற்றி மட்டும்.

என் அப்பா மாடம்பாக்கத்துக்காரர். பணிமனையில் ஃபிட்டர் வேலை. வேலையைவிட அவருக்குக் கபடிதான் பெரிது. பல்லாவரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் எந்த ஊரில் ஆட்டம் நடந்தாலும் அவரைக் கூப்பிடுவார்கள். கபடியில் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறவருக்கு மூச்சு அறுந்தால் ஆட்டம் போச்சு. "தம்முதான்டா ஆட்டம். கை, கால், எலும்பெல்லாம் அப்பால" என்பார். முழங்கால் முறிந்து ஆட்டம் நின்றதும், அந்தத் தம்மை எங்கள் இரண்டு பேரிடம் வளர்க்கப் பார்த்தார். அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள்.

நாங்கள் பழகியது ஒரு விவசாயக் கிணற்றில். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடிக் கட்டிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஒரு பெரிய இரும்பு நட்டைக் கொண்டுவருவார். பணிமனையில் கழித்துப் போட்டது. உள்ளங்கை நிறையும் அளவு, நல்ல கனம். தண்ணீருக்குள் தெரிவதற்காகச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார். அதைக் கிணற்றில் போடுவார். ஒருவர் முங்கி, அதை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு அடியிலேயே இருக்க வேண்டும். அப்பா படியில் உட்கார்ந்து, உள்ளங்கையால் கல்லைத் தட்டித் தட்டி எண்ணுவார். அந்தத் தட்டு தண்ணீருக்குள் நன்றாகக் கேட்கும்.

எங்கள் வீட்டில் அதற்கு இரண்டு சட்டங்கள். மேலே வரும்போது நட்டு கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை எண்ணியிருந்தாலும் அது கணக்கில் சேராது. அடியில் இருப்பவரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் தொட்டவர் ஒரு மாதம் தண்ணீரில் இறங்கக்கூடாது. முதல் சட்டம் அடியில் இருப்பவருக்கு. இரண்டாவது மேலே இருப்பவருக்கு.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அக்கா ஒரு நாள் நீண்ட நேரம் உள்ளே இருந்தாள். அப்பா நூறைத் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. முங்கிப் போய் அவள் முடியைப் பிடித்து மேலே இழுத்தேன். தலை வெளியே வந்ததும் மூச்சுகூட விடாமல் என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

"நூத்தி பத்துடா! இன்னும் இருந்திருப்பேன்டா, கழுத!"

"செத்துட்டன்னு நெனச்சேன்கா."

"நீ ஏன்டா நெனக்கிற? செத்தா நான் சொல்ல மாட்டனா?"

கிணற்றைச் சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "தொட்டவன் மேல ஏறு" என்றார். ஒரு மாதம் மேலே உட்கார்ந்திருந்தேன். அந்த மாதத்தில்தான் அக்கா நூற்று இருபது வரை போனாள். அதற்குமேல் அவள் எப்போதும் போனதில்லை. நூற்று இருபது என்பது எங்கள் வீட்டில் அவளுடைய இன்னொரு பெயர் மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு அந்த ஒரு மாதத்தில் ஒன்று நன்றாகப் பதிந்தது. தண்ணீருக்குள் இருப்பவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது, தொடாதே.

பிறகு குளங்களில் பழகினோம். போட்டிகளுக்குப் போனோம். மார்பு நீச்சலில் நான் மாநில அளவில் பதக்கங்கள் வாங்கியிருக்கிறேன். அக்கா அதற்கும் மேலே, தேசியப் போட்டி வரை போனாள். அவள் போட்டிக்கும் போனாள், பள்ளிக்கும் போனாள். நான் போட்டிக்கு மட்டும் போனேன். ஆறாம் வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். அதோடு பள்ளியை விட்டுவிட்டேன். தண்ணீரில் யாரும் பேசச் சொல்லவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்தபோது பத்தாவது பாஸ் கேட்டார்கள். அக்காவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. எனக்கு இந்த நாற்காலியும் விசிலும் கிடைத்தது. இதில் எனக்கு வருத்தம் என்று பெரிதாக இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு விசில் ஊத வராது. ஊதினால் எல்லாரும் திரும்பி நம்மைப் பார்ப்பார்களே என்று இருக்கும். ஒரு முறை ஆழப்பக்கம் ஓடிய ஒருவரை நிறுத்த ஊதினேன். "யாருப்பா அது, நாய்க்குட்டியக் கூப்புடறது?" என்று ஒரு பெண்மணி கேட்டார். அதன் பிறகு ஒரு வாரம் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

என்னுடன் வேலை பார்த்த மூத்தவர் ஒருவர் இருந்தார். பல்லாவரத்திலிருந்து சைக்கிளில் வருவார். போட்டி நீச்சல் எல்லாம் அவருக்குத் தெரியாது, ஏரியில் பழகியவர். அவர் நீந்துவதைப் பார்த்தால் தண்ணீருடன் சண்டை போடுவது போல இருக்கும். ஆனால் எதற்கெடுத்தாலும் ஊதுவார். எதற்கெடுத்தாலும் குதிப்பார். ஒரு நாள் காலையில், மல்லாந்து மிதந்துகொண்டிருந்த ஒருவரைக் கழுத்தோடு வளைத்துப் பிடித்துக் கரைக்கு இழுத்துவந்துவிட்டார். அவர் ஏதோ பெரிய கம்பெனியில் மேனேஜர்.

"யோவ், நான் ரிலாக்ஸா மிதந்துட்டு இருந்தேன்யா! அறிவு இருக்கா உனக்கு?"

"சாரி சார்."

"கழுத்து வலிக்குதுய்யா!"

"சாரி சார். தப்பாப் பூட்ச்சி சார்."

மேனேஜர் திட்டிக்கொண்டே உடை மாற்றப் போனார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. மூத்தவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல டீ குடிக்கக் கிளம்பினார்.

"அவர் பாட்டுக்கு மிதந்துக்கினு இருந்தாருண்ணா. பாத்தாலே தெரியுதே" என்றேன்.

"உனுக்குத் தெரியுது. எனுக்குத் தெர்லயே. தெர்லன்னா குதிச்சிட வேண்டியதுதான்."

"திட்டுறாரே."

"திட்டட்டுமே. திட்றான்னா உசுரோட கீறான்னு அர்த்தம். செத்தவன் எவனாச்சும் திட்டுவானா? நீ இன்னா, இதுக்குப் போயி பேஜாராவற."

நான் தலையாட்டினேன். ஆனால் மனதுக்குள் வேறு நினைத்தேன். இவருக்கு நீச்சல் சரியாகத் தெரியாது, அதனால்தான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறார். எனக்குத் தெரியும். ஒருவர் கை போடுவதைப் பார்த்தே அவருக்கு மூச்சு எவ்வளவு மிச்சம் என்று நான் சொல்லிவிடுவேன். இப்படி நினைத்துக்கொண்டு சில வருடங்கள் வேலை பார்த்தேன். அந்த வருடங்களில் நான் குதித்ததெல்லாம் சரியாகவே இருந்தது. அதுதான் கெட்டதாகப் போனது. தப்பாகக் குதிக்காத ஆள் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஆரம்பித்தேன். மூத்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

அப்போது அக்காவுக்கு நாற்பது வயது. வயது வந்தவர்களுக்கான நீச்சல் போட்டி ஒன்றில் கலந்துகொள்ளப் போவதாகச் சொல்லி, மதிய ஷிஃப்ட் வேலைக்குப் போகும் முன் எங்கள் குளத்துக்குப் பழக வந்துகொண்டிருந்தாள். இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அவளுடைய கை வீச்சு மாறவில்லை. காலை வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, ஒன்பதரை மணிக்குமேல் ஒரு மணி நேரம் அவளுக்கு. அவளைத் தவிர, ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருப்பார். பேங்க் சார் என்போம். அவர் பாதி நேரம் நீந்துவார், மீதி நேரம் படியில் உட்கார்ந்து பேசுவார். நான் பேசாதவன் என்பதால் என்னிடம் பேசுவது அவருக்கு வசதி.

ஒரு நாள் அக்கா பையிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினாள். நட்டு. பெயிண்ட் பாதி போயிருந்தது.

"இதை எங்கருந்துக்கா புடிச்ச?"

"அப்பா வீட்டுப் பரண்ல இருந்துது. டேய், இன்னிக்கு நூத்தி இருவது தாண்டணும்."

"போட்டியில தம் கட்டறதெல்லாம் கெடையாதே."

"போட்டிக்கு இல்லடா. எனக்கு. முப்பது வருஷமா நூத்தி இருவதுலயே நிக்குது. நீ மேலருந்து எண்ணு. நடுவுல தொட்ட, அவ்ளோதான். ஞாபகம் இருக்குல்ல?" என்று என் கன்னத்தைத் தட்டினாள்.

நட்டை ஆழப்பக்கத்தில் போட்டாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு, வேகமாக இருபது, முப்பது மூச்சு இழுத்து இழுத்து விட்டாள். கிணற்றில் அப்படித்தான் செய்வோம். அப்பா சொல்லிக் கொடுத்தது. அப்படி இழுத்தால் மூச்சு வேண்டும் என்று உடம்பு கேட்காது. கேட்காமலே மயங்கிப் போகும். இது எனக்கு அப்போது தெரியாது. உங்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். முங்குவதற்கு முன்னால் அப்படி மூச்சு இழுக்கிறவரைப் பார்த்தால் முங்கவே விடாதீர்கள். அவர் எத்தனை பதக்கம் வாங்கியவராக இருந்தாலும் சரி.

அவள் இறங்கினாள். நட்டை எடுத்துக்கொண்டு தரையோடு குப்புறப் படுத்தாள். நான் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டி எண்ண ஆரம்பித்தேன். அவளுக்குக் கேட்காது என்று தெரியும். பழக்கத்தில் தட்டினேன்.

எண்பது வரை அவள் கால்கள் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. தொண்ணூறிலும் அசைவு இருந்தது. நூற்று மூன்றில் ஏதோ மாறியது. என்ன மாறியது என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. உடம்பு ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்தது. கால் அசைவு நின்றது. என் கை தட்டுவதை நிறுத்தியது. ஆனால் மனது எண்ணிக்கொண்டிருந்தது.

பேங்க் சார் கேட்டார்: "என்னப்பா, உங்க அக்கா இன்னும் மேல வரலையே?"

"அவங்களுக்குப் பழக்கம் சார்" என்றேன்.

இந்த ஒரு வார்த்தையைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான். அவர் நீச்சல் சரியாகத் தெரியாதவர்; அவருக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. நூற்று மூன்றிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் நான் பத்து வயதில் வாங்கிய அறையை நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னும் பதினேழுதானே, தாண்டிவிடட்டும், முப்பது வருட ஆசை, நடுவில் தொட்டால் என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று நினைத்தேன். பேங்க் சார் முன்னால் அவள் என்னைத் திட்டுவாள் என்பதும் நினைவில் வந்தது. இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நூற்று இருபது எண்ணி முடித்ததும் நட்டைத் தேடினேன். தாண்டிவிட்டாள், இனி மேலே வருவாள், கையில் நட்டு இருக்கிறதா என்று பார்ப்போம் என்றுதான் தேடினேன். கை விரிந்து கிடந்தது. நட்டு ஒரு சாண் தள்ளித் தனியாகக் கிடந்தது.

எங்கள் வீட்டில் யாரும் நட்டைக் கீழே விட மாட்டார்கள். மூச்சு முட்டி, காது அடைத்து, மேலே வந்து வாந்தி எடுத்தாலும் நட்டு கையில் இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் குதித்தேன்.

தூக்கிக்கொண்டு மேலே வந்தேன். பேங்க் சார் அந்த வயதிலும் அவள் தோளைப் பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டார். உதடு நீலமாக இருந்தது. மூச்சு இல்லை. வாயில் வாய் வைத்து ஊதினேன். நான் ஊதும் மூச்சில் அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. அதைத் தவிர வேறு அசைவு இல்லை. நான்காவது மூச்சுக்கோ ஐந்தாவது மூச்சுக்கோ இருமினாள். அதை மட்டும் நான் எண்ணவில்லை. தண்ணீர் கக்கினாள். கண் திறந்தாள். யாரைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆம்புலன்ஸ் வந்து தூக்கி ஏற்றும்போது என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்.

"நூத்தி இருவது தாண்டிச்சாடா?"

"தெரியலக்கா. நான் எண்ணல."

இது பொய். இருபது வருட வேலையில் நான் செய்த தவறு பதினேழு எண்ணிக்கை என்றால், அதைவிடப் பெரியது இந்தப் பொய். முதல் தவறுக்கு யோசிக்க நேரம் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பொய்க்கு அதுவும் இல்லை.

அக்கா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். உடம்பில் குறை எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று அவர் ஆரம்பித்தபோது நான் வராண்டாவுக்குப் போய்விட்டேன்.

பேங்க் சார் போகிற இடமெல்லாம் சொன்னார்: "நான் கேட்டேன், அடுத்த நொடி பையன் தண்ணியில இருக்கான்! மின்னல் மாதிரி!" அவர் பொய் சொல்லவில்லை. கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். போட்டுக்கொண்டு பார்த்தபோது நான் தண்ணீரில் இருந்தேன். நடுவில் இருந்த நேரம் அவருக்குத் தெரியாது. குளத்தின் மேனேஜர் எல்லாரையும் கூட்டி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். கூடப் பிறந்தவளைக் காப்பாற்றியவன் என்று பேசினார்கள். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். "பாருங்க, எவ்ளோ அடக்கம்" என்றார் பேங்க் சார். எல்லாரும் கை தட்டினார்கள்.

கூச்சத்தினால் பேசாமல் இருந்தேனா, பொய் வெளியே வந்துவிடும் என்று பேசாமல் இருந்தேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பேசாதவனைப் பார்த்தால் ஜனங்கள் நல்லவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வசதியை நான் பல வருடம் அனுபவித்தேன்.

யாரும் கேட்காத கேள்வியை ஒருவர் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனேன். டேபிள் ஃபேனைக் கழற்றிப் பாகம் பாகமாகப் பேப்பரில் பரப்பி வைத்திருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"எத்தினில குதிச்ச?"

"நூத்தி இருவது."

"எப்ப தெரிஞ்சுது?"

"நூத்தி மூணு."

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அறைவார் என்று எதிர்பார்த்தேன். அந்த வயதில் அறைந்திருந்தாலும் வாங்கியிருப்பேன். வெகுநேரம் ஃபேன் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இறக்கையையே மறுபடியும் துடைத்தார்.

"நானா இருந்தா நூத்தி முப்பது வரைக்கும் உட்டுருப்பேன்" என்றார்.

பிறகு, "நட்டு எங்க?" என்று கேட்டார்.

"பூல்லயே கெடக்குதுப்பா."

"கெடக்கட்டும்."

அவ்வளவுதான். அவர் இறக்கும்வரை அதைப் பற்றி மறுபடியும் பேசவில்லை. தம் என்ற வார்த்தையையும் அவர் வாயில் நான் கேட்கவில்லை.

நட்டை நான் எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே தெரியும். நீந்த வந்தவர்கள் எடுத்துக் கரையில் வைத்தால், அவர்கள் போன பிறகு அதே இடத்தில் போட்டுவிடுவேன். மூன்று மாதம் அப்படியே கிடந்தது. குளோரின் தண்ணீரில் பெயிண்ட் உரிந்து துருப்பிடித்தது. மழைக்காலத்தில் குளத்தை வடித்தபோது பழைய இரும்போடு போட்டேன். கறை அங்கேயே தங்கிவிட்டது. நீங்கள் கேட்ட கறை அதுதான்.

அதற்குப் பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். என்ன மாறியது என்று சொல்லத் தெரியாவிட்டாலும் குதித்துவிடுவேன். காது சவ்வு கிழிந்து வேலையை விடும்வரை நான் குதித்ததில் பாதிக்குமேல் தப்பாகக் குதித்ததுதான். ஒருவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தூக்கினேன். "மெடிடேஷன் பண்ணிட்டு இருந்தேன்யா, காட்டுமிராண்டி!" என்று கத்தினார். கம்ப்ளெயின்ட் எழுதித் தருவேன் என்றார். "சாரி சார், தப்பாப் போச்சு சார்" என்றேன். அவர் ஈரத் துண்டோடு ஆபீஸ் வரை திட்டிக்கொண்டே போனார். நான் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, அவர் குரல் நன்றாகக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பல்லாவரத்துக்காரர் சொன்னது புரிவதற்கு எனக்கு இத்தனை நடக்க வேண்டியிருந்தது.

இப்போது தாம்பரத்தைச் சுற்றி அடுக்குமாடிக்கு அடுக்குமாடி நீச்சல் குளம் இருக்கிறது. நீங்கள் தனித்தனியாக உட்கார்ந்திருப்பீர்கள். பக்கத்தில் கேட்க ஆள் இருக்காது. நீச்சல் தெரியாதவர் ஆழத்துக்கு வரமாட்டார். வந்தாலும் நீங்கள் அவரையேதான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நன்றாகத் தெரிந்தவர் விஷயத்தில்தான் "அவருக்குப் பழக்கம்" என்று உங்கள் வாய் சொல்லும். அந்த வார்த்தை வாயில் வந்தால், உடனே எழுந்துவிடுங்கள். உங்களில் போட்டிக்கு நீந்தியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மற்றவர் ஆபத்தைப் பார்க்கும் இடத்தில் நாம் பயிற்சியைப் பார்ப்போம். கூச்சப்படுகிறவர் யாராவது உங்களில் இருந்தால் அவருக்குத் தனியாக ஒன்று: ஆள் இல்லாத நேரத்தில் தினமும் ஒரு முறை விசிலை முழு மூச்சில் ஊதிப் பாருங்கள். உங்கள் காதுக்கே அது பழக வேண்டும்.

இதுவரை எழுதி முடித்து, போன வியாழக்கிழமை அக்காவிடம் கொடுத்தேன். அவளும் இப்போது வேலை ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். தண்ணீருக்கு மேலே மட்டும் நீந்துகிறாள். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். முதல் இரண்டு பக்கம் நிறையத் திருத்தினாள். "கிணறுக்கு எந்த 'ர'டா போடுற?" என்று திட்டினாள். பிறகு பேனா நின்றுவிட்டது. நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோதும் அதே பக்கத்தில் இருந்தாள்.

"நான் ஆஸ்பத்திரியிலயும் கேட்டேன். அப்பா செத்தப்பவும் கேட்டேன். எண்ணலன்னு சொன்ன."

"ம்."

"நூத்தி மூணுலயே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

பேனாவின் மூடியைப் போட்டாள், எடுத்தாள். எனக்கு அந்தக் கிணற்றடியில் நிற்பது போல இருந்தது. அறை விழுந்தால் விழட்டும் என்று கொஞ்சம் கிட்டப் போய் நின்றேன்.

"அப்போ நீ தூக்கும்போது நூத்தி இருவது தாண்டிடுச்சு" என்றாள்.

"உள்ள இருந்தது நூத்தி இருவதுக்கு மேலதான்கா."

அந்தப் பதினேழைச் சேர்த்துப் பார்க்கிறாளா, கழித்துப் பார்க்கிறாளா என்று முகத்தில் தெரியவில்லை. பிறகு தாளை என் பக்கம் தள்ளினாள்.

"நட்டு கையில இல்லையேடா. சேராது. நெனவோட இருந்தது நூத்தி மூணுன்னே எழுது."